இரண்டு குழாய் போதும் என்றவர்

இராமச்சந்திரன் இறந்த மறுநாள் சேரப்பணஞ்சேரி பேருந்து நிறுத்தத்தில் ஒரு பேனர் கட்டினார்கள். 'அனைவரிடமும் அன்பாகப் பழகியவர், அதிர்ந்து பேசாதவர்' என்று அதில் இருந்தது. இரண்டும் பொய். அவர் அன்பாகப் பழகி ஒருவரும் பார்த்ததில்லை. அதிர்ந்து பேசாமல் அவரால் ஒரு சொம்பு தண்ணீர்கூடக் கேட்க முடியாது. கம்ப்ரஸர் அறையில் இருபத்தாறு வருடம் நின்றவருக்கு மெதுவாகப் பேசுவது மறந்தே போயிருந்தது. வேறு யாருக்கோ செய்து வைத்திருந்த வாசகத்தில் படத்தை மட்டும் மாற்றியிருப்பார்கள். உயிரோடு இருந்து பார்த்திருந்தால் முதலில் எழுத்துப்பிழையைச் சொல்லியிருப்பார், அடுத்து கயிறு ஒரு பக்கம் தொய்ந்திருப்பதை.

இறந்தது அந்தக் கம்ப்ரஸர் அறையில்தான். காலை ஷிப்டில் ஒன்பது மணிக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. லைனில் காற்று குறையவில்லை. ஆகவே யாரும் வரவில்லை. மதிய ஷிப்ட் ஆள் வந்துதான் பார்த்தான்.

அவர் என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அங்கேயே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு ஆலை. போல்ட் முடுக்கும் ஏர் கன், பாகத்தைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப், பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே, எல்லாம் அழுத்தக் காற்றில் ஓடும். அந்தக் காற்றை ஆலைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் தயாரித்துக் குழாய் வழியாக அனுப்புவார்கள். அனுப்பியவர் இராமச்சந்திரன். ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். அடையாள அட்டையில் பதவி என்ற இடத்தில் 'யுட்டிலிட்டி' என்று மட்டும் போட்டிருந்தது. அது ஆளைக் குறிக்கிறதா அறையைக் குறிக்கிறதா என்று கடைசிவரை தெரியவில்லை.

லைன் கோடியில் காற்று குறைந்தால் இன்ஜினியர்கள் கூட்டம் போடுவார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே முடிவு: இன்னும் பெரிய கம்ப்ரஸர். வழியில் எத்தனை இடத்தில் ஒழுகுகிறது, குழாய் எங்கே சுருங்குகிறது என்று இவர் சோப்புத் தண்ணீர் தடவிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு இடத்திலும் சிவப்புத் துணி கட்டி வைப்பார். ஆயுத பூஜைக்கு வந்த பெரிய அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து, அலங்காரம் நன்றாக இருக்கிறது என்றார். இராமச்சந்திரன் இந்தக் கதையை வருடத்துக்கு நான்கு முறை சொல்வார். ஒருமுறைகூடச் சிரித்தபடி சொன்னதில்லை.

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. லைனில் உள்ள எல்லாக் கருவிக்கும் வேண்டிய காற்றைக் கூட்டு. அதில் நூற்றுக்கு அறுபத்தைந்து எடு. அவ்வளவுக்குக் குழாய் போட்டால் போதும். ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் கன்னை அழுத்துவதில்லை. ஒருவன் அழுத்தும்போது இன்னொருவன் போல்ட்டைக் கையில் எடுப்பான், மூன்றாமவன் மூக்கைச் சொறிவான். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை.

அவர் வீட்டு மாடியில் இரண்டு அறை. ஆறு பேர் குடியிருந்தார்கள், எல்லாரும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். மூத்தவன் உச்சிமாகாளி, பிரேக் பாகம் செய்யும் ஆலையில் லைன் ஆபரேட்டர், வயது முப்பது. இரண்டு வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலே பெரிய கூச்சல். சாப்பாட்டுத் தட்டோடு இராமச்சந்திரன் படியேறினார்.

"இன்னாடா சத்தம்? எவன் செத்தான்?"

"கப்பல் விழுந்துட்டு அண்ணாச்சி," என்றான் உச்சிமாகாளி.

லேப்டாப் திரையில் ஒரு கிரகம், அதன் மண்ணில் இரும்புக் குப்பை. விண்கலம் கட்டும் விளையாட்டு. மண்ணைத் தோண்டி உலோகம் எடுக்க வேண்டும், அதில் கலம் கட்ட வேண்டும், ஹைட்ரஜன் எரித்து மேலே போக வேண்டும். ஆறு பேரும் நெட் வழியாக ஒரே உலகத்துக்குள் விளையாடினார்கள். உடைந்தது உடைந்ததுதான், திரும்பக் கிடைக்காது.

"எவ்ளோ இன்ஜின் வெச்ச?"

"நாப்பது."

"டேங்கு?"

"ரெண்டு. ரெண்டும் நெறைய இருக்கு, பாருங்க. ஆனா மேல போனதும் இன்ஜின் அணைஞ்சிட்டு. கேம்ல ஏதோ பக் இருக்கும் போல."

"பக்கு உன் தலையில கீது. டேங்க்லேர்ந்து இன்ஜினுக்கு எது வழியா போவுது?"

"இந்தக் குழா வழியா."

"எத்தினி?"

"ஒண்ணு."

இராமச்சந்திரன் தட்டைக் கீழே வைத்தார். "நாப்பது பேருக்குப் பந்தி போட்டுட்டு ஒரே கரண்டியில பரிமாற நிக்கறான். கேட்டா சோத்துல பக்காம்."

கை காயும்வரை நின்றார். பிறகு கழுவிக்கொண்டு வந்து, உச்சிமாகாளியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் பன்னிரண்டு இன்ஜினும் ஒரு டேங்கும் வைத்த ஒரு சின்னக் கலம் மேலே போய்விட்டது. பார்க்க சகிக்காது. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ஆனால் போனது.

அதிலிருந்து அவர் விடவில்லை. மகள் வேல்விழி ஸ்ரீபெரும்புதூரில் இயந்திர வடிவமைப்பு வேலையில் இருந்தாள், கல்யாணமாகி வாசம் சுங்குவார்சத்திரம். ஞாயிறுதோறும் வருவாள். தன் பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். மனைவி காந்திமதி, அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் ஒரே பதில் வைத்திருந்தாள்: "ரிடையர் ஆவறதுக்கு முன்னாடியே மேல போறதுக்கு வழி பாத்துகினு கீறாரு."

விளையாட்டில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான், இன்ஜின் எண்ணுவது. இன்ஜின் கண்ணுக்குத் தெரியும், நெருப்பு விடும். குழாய் உள்ளே கிடக்கும். இன்ஜினைக் கூட்டினால் அது குடிக்கும் வேகம் கூடும். அதற்கு டேங்கைக் கூட்ட வேண்டும். டேங்கைக் கூட்டினால் எடை கூடும். எடையைத் தூக்க மறுபடி இன்ஜின். எங்கே நிறுத்துவது என்று தெரியாதவன் கட்டிக்கொண்டே போவான், கடைசியில் அது தன்னைத் தானே தூக்கவே சரியாக இருக்கும். டேங்கில் இருப்பது வேறு, இன்ஜின் வாய்க்கு வந்து சேர்வது வேறு. இதை அவர் ஆலையில் இருபத்தாறு வருடம் சொன்னார், ஒரு காதும் கேட்கவில்லை. மாடியில் ஆறு பேர் கேட்டார்கள்.

அதுதான் விஷயம். ஷிப்ட் முடிந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் கீழே வந்து, அண்ணாச்சி, இது தூக்குமா என்று தான் கட்டிய கலத்தின் படத்தைக் காட்டுவான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்ப்பார். "இதுக்கு ரெக்க வேற ஒட்டியிருக்க. காத்தே இல்லாத எடத்துல ரெக்கய வெச்சு விசிறிக்கப் போறியா?" திட்டிவிட்டு, இரண்டு குழாயைக் கூட்டச் சொல்வார். கூட்டுவார்கள். எழும்பும். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஆயிற்று. அட்டையில் இல்லாத பதவி அவருக்கு அந்த மாடியில் இருந்தது.

அந்தக் கிரகத்தின் சந்திரனில் தளம் கட்டுவது என்று ஆறு பேரும் முடிவெடுத்தார்கள். இரண்டு மாதம், மூன்று ஷிப்டுக்கு நடுவில், மாறி மாறித் தோண்டி, உருக்கி, இயந்திரங்கள் செய்து குவித்தார்கள். அதை நான்கு நடையாகக் கொண்டுபோகலாம் என்றான் ஐயனார். உச்சிமாகாளியோடு அதே லைனில் வேலை செய்கிறவன், எதிலும் நிதானம்.

"நாலு நடையா? சேர் ஆட்டோவா ஓட்டற?" என்றார் இராமச்சந்திரன். "நான் கட்டறேன். ஒரே ட்ரிப்பு. மொத்தமும்."

கட்டினார். இருபத்துநான்கு இன்ஜின். ஒவ்வொன்றும் முழு வேகத்தில் நொடிக்கு ஐந்து லிட்டர் குடிக்கும். மொத்தம் நூற்றிருபது. ஒரு குழாய் நொடிக்கு நாற்பது விடும். அவர் இரண்டு குழாய் போட்டார். வெறுங்கலத்தை மூன்று முறை மேலே கொண்டுபோய் இறக்கினார். ஒரு குறையும் இல்லை.

வேல்விழி அந்த ஞாயிறு அவர் கணக்குப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, பைப் பத்தாது. மூணாவது வேணும்."

"அறுபத்தஞ்சு பர்சன்ட் போட்டிருக்கேன். எழுவத்தெட்டு வருது. எம்பதுக்கு பைப்பு கீது. இன்னா பத்தாது?"

"அது ஃபேக்டரிக்குப்பா. இங்க எல்லா இன்ஜினும் ஒரே நேரத்துல ஓடும்."

"ஒரே நேரத்துல ஓடுமா? இருபத்தாறு வருசத்துல எல்லாம் ஒரே நேரத்துல ஓடி நான் பாத்ததில்ல."

"காலியா ஏத்தினீங்க. அதுக்குப் பாதி இன்ஜின் போதும். லோடு வெச்சா?"

"நீ காலேஜ்ல படிச்சது எல்லாம் பேப்பர்ல எழும்பும். எனக்கு லைன்ல எழும்பணும். போ, அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கு."

அவள் நறுக்கினாள். கோபத்தில் வேண்டியதைவிட அதிகமாக நறுக்கினாள்.

அடுத்த ஞாயிறு மதியம் ஆறு பேரும் கீழே வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். மொத்தச் சரக்கும் கலத்துக்குள். இராமச்சந்திரன் குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி. கலம் எழும்பியது. கைதட்டினார்கள். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் கொஞ்சம் எரிபொருள் தேங்கியிருக்கும். அது தீரும்வரை ஏறும். அது அரை நிமிடத்துக்கு வந்தது. பிறகு திரையின் ஓரத்தில் இருபத்துநான்கு இன்ஜின்களின் அளவும் ஒன்றாகச் சரிந்தது. கலம் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. விழுந்தது. இரண்டு மாத வேலை மண்ணில் கிடந்தது.

இருபத்துநான்கும் முழு வாயைத் திறந்துகொண்டு நின்றதை அவர் பார்த்தார். ஒன்றுகூட மூக்கைச் சொறியவில்லை. அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நான் சொன்னேன்ல," என்றாள் வேல்விழி. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நெட்டு இழுத்துடுச்சு," என்றார் இராமச்சந்திரன்.

 உச்சிமாகாளி எழுந்து, "ஆமா அண்ணாச்சி, நெட்டுதான். காலைலேர்ந்தே சரியில்ல," என்றான். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். ஒருவர் பின் ஒருவராகப் படியேறிப் போனார்கள். செருப்புச் சத்தம்கூட மெதுவாகக் கேட்டது.

திட்டியிருந்தால் அவருக்குப் பழக்கம். கம்பெனியில் யாரும் அவரிடம் இவ்வளவு மரியாதையாகப் பொய் சொன்னதில்லை. அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒருவனும் படத்தோடு கீழே வரவில்லை. எதிரில் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்றார்கள். மாடியில் நாற்பது இன்ஜின் வைத்து மறுபடி யாரோ கட்டுகிறான் என்று சத்தத்திலேயே தெரிந்தது. இவர் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடினார். வேலைக்குப் போனார், வந்தார். ஒருநாள் சாம்பாரில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டார். காந்திமதி பயந்துபோய் மகளுக்குப் போன் போட்டாள்.

"உங்கப்பா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. நீ வந்து எதனா தப்பா செய், திட்டட்டும்."

வேல்விழி வந்தாள். அவர் திட்டவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "வா," என்று முன்னால் படியேறினார். மேலே ஆறு பேரும் இருந்தார்கள், வாரவிடுமுறை. எல்லாரும் எழுந்து நின்றார்கள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"உக்காருங்கடா. எழவு வூடா இது?" என்றார். "அன்னிக்கி நெட்டு இழுக்கல. நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான்."

அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னது அதுவே முதல் முறை. பழக்கமில்லாததால் கத்தித்தான் சொன்னார். தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பைப்பு மூணு வேணும். ரெண்டு வெச்சேன். ஏர் கன் கணக்க கொண்டாந்து ராக்கெட்டுக்குப் போட்டேன். இவ சொன்னா. வெங்காயம் நறுக்க அனுப்பினேன். உங்க ரெண்டு மாச வேலைய ஒரே அடியில அடிச்சிட்டு, அந்த நெட்டுக்காரன் மேல பழி போட்டேன். இதே எங்க கம்பெனியில ஒரு இன்ஜினியரு செஞ்சிருந்தா அவன இன்னா சொல்லியிருப்பேன்?"

ஐயனார் அடக்க முடியாமல் கேட்டுவிட்டான். "என்ன சொல்லியிருப்பிய அண்ணாச்சி?"

சொன்னார். ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் சொன்னார். அந்த இன்ஜினியருடைய படிப்பில் தொடங்கினார். அவனுக்குச் சான்றிதழ் கொடுத்த பிரின்சிபாலுக்குப் போனார். அவன் மூளையில் இருப்பது காற்றுதான், அதுவும் ஒழுகுகிற காற்று என்றார். அவனை நம்பி ஒரு பலூனைக்கூடக் கொடுக்கக் கூடாது என்று முடித்தார். நடுவிலேயே ஒருவன் பாயில் விழுந்து சிரிக்கத் தொடங்கியிருந்தான்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி," என்றான் உச்சிமாகாளி. "மேல வந்து பதிவப் போட்டுப் பாத்தோம். இருபத்துநாலும் பட்டினி."

"தெரிஞ்சா ஏன்டா நெட்டுன்னு சொன்ன?"

"வயசான மனுசன், மனசு கஷ்டப்படும்னுதான்."

"எவன்டா வயசான மனுசன்?" இப்போது தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். "அம்பத்தேழு வயசுடா எனக்கு! பரிதாபமா படற? மூணு வாரமா சாப்ட்டீங்களா சாப்ட்டீங்களான்னு உசுர வாங்கினீங்களே, இதுக்குத்தானா? நாப்பது இன்ஜினு ஒரு குழா வெச்சவன் என்மேல பரிதாபப்படறான்!"

"இப்ப ரெண்டு குழா வெச்சிருக்கேன்," என்றான் உச்சிமாகாளி.

"காட்டு."

காட்டினான். அரை மணி நேரம் திட்டினார்.

சரக்கு மறுபடி சேர மூன்று மாதம் ஆயிற்று. நான்கு நடையா ஒரு நடையா என்ற பேச்சு வந்தது. எல்லாரும் இராமச்சந்திரனைப் பார்த்தார்கள். "என்னைக் கேக்காதீங்க. கணக்கு அவ போடுவா," என்றார். அவ்வளவு பேர் முன்னால் அதைச் சொல்வது அவருக்கு எளிதாக இல்லை. சொல்லும்போது சுவரைப் பார்த்தார்.

வேல்விழி கணக்குப் போட்டாள். ஒரே நடை போதும், குழாய் நான்கு என்றாள்.

"நாலா? நூத்திருபதுக்கு மூணு சரியா கீது."

"சரியா இருக்கறதுதான் பிரச்சனை. ஒண்ணு உடைஞ்சா?"

"ஏன் ஒடையுது? நான் போட்ட பைப்பு ஒடஞ்சி நீ பாத்திருக்கியா? நாலாவது பைப்பு எட யாரு தூக்கறது, உங்க மாமனாரா?"

"நூத்துக்கு ஒரு பங்குகூட வராதுப்பா. கணக்குல இருக்கு, பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, தப்பைத் தேடிக்கொண்டே பார்த்தார். கிடைக்கவில்லை. உம் என்றார். நான்காவது குழாயை அவரே தன் கையால் வைத்தார், வேறு யாரையும் தொட விடவில்லை.

தை மாதம் மூன்றாவது ஞாயிறு. கூடம் நிறைந்திருந்தது. காந்திமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள். போன தடவை வெள்ளை வேட்டி கட்டியவர் இந்தத் தடவை கைலியில்தான் இருந்தார். மொத்தச் சரக்கும் உள்ளே. 

கலம் எழும்பியது. போன முறை இந்த இடத்தில் கைதட்டியவர்கள் ஒருவரும் கையை எடுக்கவில்லை. ஐயனார் நொடியை எண்ணினான். இருபது. இருபத்தைந்து. முப்பது, போன முறை சரியத் தொடங்கிய நொடி. இராமச்சந்திரன் திரையின் ஓரத்தை மட்டும் பார்த்தார். இருபத்துநான்கு இன்ஜினும் முழு வாயால் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்றின் அளவும் சரியவில்லை. நாற்பது. ஐம்பது. கிரகம் வளையத் தொடங்கியது. திரை கறுத்தது. நட்சத்திரம் தெரிந்தது.

உச்சிமாகாளி விசிலடித்தான். ஆறு பேரும் குதித்ததில் அலமாரியில் டம்ளர் உருண்டது. காந்திமதி, "வூட்ட இடிச்சிடாதீங்கடா," என்றாள்.

இராமச்சந்திரன் திரும்பவில்லை. நான்கு குழாயின் அளவையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் கால் பங்கு இடம் மிச்சமாகவே இருந்தது.

"பாத்தியா," என்றார் மகளிடம். "ஒரு பைப்பு தண்டமா கீது."

"இருக்கட்டும்ப்பா," என்றாள் வேல்விழி.